காற்றுப் பட்ட வாய்

1

என் மனைவி யோகேஸ்வரிக்குப் பாரிசவாதம் வந்து இன்றோடு ஒரு வருடம். காலையில் கோயிலுக்குப் போய் வந்தோம். அவள் இப்போது முன்னறையில் சாய்ந்தபடி நித்திரை கொள்கிறாள். வெளியே இந்த ஆங்கிலேய ஊரில், கோலியர்ஸ் வுட்டில், மழை என்றும் சொல்ல முடியாத, பனி என்றும் சொல்ல முடியாத ஒரு புகார் மூட்டம். பஸ்கள் அதற்குள்ளே போய்ப் போய் மறைகின்றன. நான் குசினி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன்.

என் பெயர் விநாயகமூர்த்தி. தெரிந்தவர்களுக்கு மூர்த்தி அண்ணை. பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. ஊரில் பத்தாம் வகுப்போடு நிறுத்தி, இங்கே வந்து பெற்றோல் ஷெட்டிலும் பிறகு பாண் சுடுகிற ஒரு தொழிற்சாலையிலும் வேலை செய்து ஓய்ந்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பிள்ளையார் பொறுப்பார். நீங்களும் பொறுத்துக் கொள்ளுங்கள்.

ஊரில் இருக்கிற உறவுக்காரர் ரெலிபோனில் கேட்பது ஒன்றுதான். "யோகம் இப்ப கதைக்கிறாவோ?" வருடம் முழுவதும் நான் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன். "பிள்ளையார் விடுவார்." இன்றைக்கு என்னிடம் வேறொரு பதில் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னம் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வருத்தம் வந்த அன்று காலை அவள் முழுகி, விளக்கைக் கொளுத்திவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்று குங்குமப் பொட்டு வைத்துக் கொண்டிருந்தாள். நான் கட்டிலில் இருந்து சப்பாத்துக் கட்டிக் கொண்டிருந்தேன். கண்ணாடிக்குள்ளே அவள் முகம் தெரிந்தது. நெற்றியில் தொட்ட விரல் அங்கே நிற்கவில்லை. மெல்ல இறங்கியது. மூக்கோரமாக வந்து, கன்னத்தால் வழிந்து, தாடையில் விட்டுவிட்டது. சிவப்பாக ஒரு கோடு. யாரோ வேறொருத்தியின் முகத்தில் யாரோ கோடு இழுப்பதைப் பார்ப்பது போல அவள் அதைப் பார்த்துக் கொண்டே நின்றாள்.

"என்னப்பா செய்யிறீர்?" என்றேன்.

திரும்பினாள். வாயைத் திறந்தாள். வெறும் காற்றுத்தான் வந்தது.

நோர்பரியில் இருக்கிற மகள் தர்சினிக்குப் போன் அடித்தேன். "அப்பா, அம்மாவைச் சிரிக்கச் சொல்லுங்கோ. இப்பவே!" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் சொன்னேன். "யோகம், ஒருக்கால் சிரியுமப்பா." கலியாணப் படத்தில்கூடச் சிரிக்காதவள். நான் கேட்டதற்காகச் சிரித்தாள். பாதி முகம்தான் சிரித்தது.

"போனை வையுங்கோ அப்பா. நான் அம்புலன்ஸுக்கு அடிக்கிறன்."

அம்புலன்ஸ் கெதியாக வந்தது. அந்த வேகம்தான் அவளைக் காப்பாற்றியது என்று பிறகு சொன்னார்கள். இதை வாசிக்கிறவர்கள் வீட்டில் யாருக்காவது இப்படி முகம் கோணினால், கை விழுந்தால், தேத்தண்ணி வைத்துக் கொடுத்துப் பார்க்காதீர்கள். சற்றுப் படுத்தெழும்பினால் சரிவரும் என்று இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

2

ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, உங்கள் மனைவிக்கு ஒரு 'ஸ்ட்ரோக்' என்றார்.

அந்தச் சொல் எனக்குத் தெரிந்த இடம் வேறு. எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் ஒரு கிழவர் கூட்டி வருகிற நாயின் மேற்சட்டையில் எழுதியிருக்கும், என்னை ஸ்ட்ரோக் பண்ணாதீர்கள் என்று. தர்சினி சின்னப் பிள்ளையாக இருந்தபோது இப்படி ஒரு நாயைக் காட்டித்தான் எனக்கு அதன் கருத்தைச் சொல்லித் தந்தாள். "தடவுறது அப்பா. இப்பிடி." என் புறங்கையைத் தடவிக் காட்டினாள்.

ஆகவே டொக்டர் சொன்னபோது எனக்கு வந்த யோசனை, இவளை யார் தடவினார்கள் என்பதுதான். தலையை ஆட்டி 'தாங்க் யூ' என்றேன். அந்த மனுசன் என்னை இரக்கத்தோடு பார்த்தார். தர்சினி வந்து தமிழில் சொன்ன பிறகுதான் நான் சுவரைப் பிடித்தேன்.

வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. கால் மாதக் கணக்கில் மெல்ல மெல்லத் திரும்பி, பொல்லை ஊன்றி நடக்கிற அளவுக்கு வந்தது. கை பாதி வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. நாம் சொல்வது எல்லாம் அவளுக்கு விளங்குகிறது, சொற்களும் உள்ளே இருக்கின்றன, வெளியே வருகிற வழிதான் பழுதாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வீட்டில் நான் கதைத்துக் கொண்டே இருப்பேன். அவள் கேட்டுக் கொண்டே இருப்பாள். காலையில் அவளுக்குத் திருநீறு பூசுவதும் பொட்டு வைப்பதும் என் வேலையாயிற்று. என் பெருவிரலுக்கு வட்டம் வராது. கண்ணாடியில் பார்த்துவிட்டு இடது கையால் அதைத் திருத்திக் கொள்வாள். அந்த நேரத்தில் அவள் சொல்ல நினைத்தது என்ன என்று எனக்கு நன்றாகவே கேட்கும்.

3

பேச்சுப் பயிற்சி தர வந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்பிள்ளை. நல்ல பிள்ளை, வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தது. மொழிபெயர்க்க ரெலிபோனில் ஒரு பெண். தமிழ்நாட்டுக்காரி என்பது குரலிலேயே தெரிந்தது. போனை மேசையில் வைத்துவிட்டு, கோப்பை, பூட்டுத் திறப்பு, அப்பிள் என்று படங்களைக் காட்டினார்கள். யோகம் ஒவ்வொன்றுக்கும் வாயைத் திறந்து, வெறும் மூச்சை விட்டு, கண் கலங்கினாள். பிறகு ஒரு கேள்வி.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா? மெதுவா சொல்லுங்க, அவசரமே இல்ல."

அதற்கு மட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உதடு இரண்டையும் இறுக்கி மூடிக் கொண்டாள். பிள்ளையின் பென்சில் எதையோ குறித்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஷீ நோ டெல் மை நேம்" என்றேன்.

"ஸ்ட்ரோக் வந்ததிலிருந்தா?" என்று அந்தப் பிள்ளை கவலையோடு கேட்டது.

"இல்லை. கலியாணம் முடிச்சதிலிருந்து."

போனுக்குள்ளே இருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. "ஐயா, எங்க அம்மாவும் அப்படித்தாங்க! ரேஷன் கடையில பேர் கேட்டாக்கூட என்னைத்தான் பாப்பாங்க." பிறகு அவ ஆங்கிலத்தில் நீளமாக விளக்கினா. புருஷன் பெயரைப் பெண்சாதி வாயால் சொன்னால் அவனுடைய ஆயுள் குறையும் என்று ஒரு நம்பிக்கை. இது அந்த அம்மாவால் முடியாதது இல்லை, செய்யாதது. பிள்ளை பென்சிலைக் கீழே வைத்தது. அப்படியானால் இவரை எப்படிக் கூப்பிடுவா என்று கேட்டது.

"இஞ்சாருங்கோ" என்றேன்.

"என்னங்க? இஞ்சியா?" என்றது போன்.

"இஞ்சி இல்லைப் பிள்ளை! இஞ்சாருங்கோ. இஞ்ச பாருங்கோ எண்டு அர்த்தம்."

வெள்ளைக்காரப் பிள்ளை அதைத் தன் வாயில் போட்டு உருட்டி, 'இன்ஜா ரங்கோ' என்றது. யோகம் குலுங்கினாள். சத்தம் வராத சிரிப்பு, பாதி முகம், ஆனால் சிரிப்பு.

இந்தப் பெயர்க் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் பெயர் பிள்ளையாருடைய பெயர் என்றபடியால் யோகத்தின் கஷ்டம் இரண்டு மடங்கு. பிள்ளையாரே என்பாள், கணபதியே என்பாள், ஆனைமுகத்தானே என்பாள், அந்த ஒரு பெயரை மட்டும் சொல்ல மாட்டாள். தோத்திரத்தில் அது வருகிற இடத்தில் வாயை மூடிக் கையைக் கூப்பிவிட்டு அடுத்த அடியில் வந்து சேர்ந்து கொள்வாள். கோயிலில் எனக்கு அர்ச்சனை செய்யப் போனால், பெயர் என்ன என்று கேட்கிற ஐயரிடம், "உள்ளுக்கை இருக்கிறவரின்ரை பேர்தான் இவருக்கும்" என்பாள். ஐயர் வேண்டுமென்றே, "உள்ளே இருக்கிறவருக்கு ஆயிரம் பெயர் அம்மா, எது?" என்று சீண்டுவார். இவள் முந்தானையால் வாயைப் பொத்துவாள்.

தர்சினி கட்டியிருப்பது ஆடம் என்கிற ஆங்கிலேயப் பொடியனை. நல்ல மருமகன். அவள் படியின் கீழே நின்று "ஆடம்! ஆடம்!" என்று கத்தும் போதெல்லாம் யோகம் நெஞ்சில் கை வைப்பாள். "அந்தப் பெடியன்ரை ஆயுசைக் கரைச்சுப் போடுவாள்" என்று என்னிடம் முணுமுணுப்பாள். அவன் மாரத்தன் ஓடுகிறவன், ஒரு தும்மல் தடிமன்கூட வந்ததில்லை.

பயிற்சி கொஞ்சக் காலம் நடந்தது. பிறகு ஒரு கடிதம் வந்தது, இந்தச் சுற்று முடிந்தது, இனி வீட்டிலே செய்யுங்கள், மாற்றம் தெரிந்தால் திரும்பவும் கேட்கலாம் என்று. நான் போன் அடித்தால் ஒன்றை அமத்து, இரண்டை அமத்து என்று ஒரு குரல் சொல்லும், பிறகு சங்கீதம் போகும். யோகம் பக்கத்தில் இருந்து அந்தச் சங்கீதத்தைக் கேட்டபடி இருப்பாள். அந்த நாட்களில்தான் எனக்குப் பயம் பிடித்தது. இவள் குரலை இனி இந்தப் பிறவியில் கேட்க மாட்டேனோ என்று.

4

சீன வைத்தியக் கடையை நான் தேடிப் போகவில்லை. முடிதிருத்துகிற கடைக்கும் கோழிப்பொரியல் கடைக்கும் இடையில் அது எப்போதும் இருந்தது. கண்ணாடிக்குள்ளே உடம்பெல்லாம் கோடும் புள்ளியுமாக ஒரு மனுசப் பொம்மை. ஒரு நாள் பஸ்ஸுக்குப் போகும்போது யோகம் அதற்கு முன்னால் நின்றுவிட்டாள். பொல்லை என் கையில் தந்தாள். இடது கை விரலைக் கண்ணாடியில் வைத்து, பொம்மையின் கையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து வாய்க்கு ஒரு கோட்டின் வழியே கொண்டு போனாள். வாயில் வந்து விரல் நின்றது. என்னைப் பார்த்தாள்.

கதவைத் தள்ளினேன். மணி ஒன்று கிலுங்கியது.

உள்ளே இருந்த அம்மாவின் பெயர் லின். என் ஆங்கிலமும் அவவின் ஆங்கிலமும் ஒரே அளவில் உடைந்தவை. அதனால் ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக் கொண்டோம். முதலில் யோகத்தின் நாக்கை நீட்டச் சொன்னா. நாக்கு நேரே வரவில்லை, வலப்பக்கம் சாய்ந்து வந்தது. பிறகு மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, கண்ணை மூடி, நெடுநேரம் இருந்தா. முதலில் ஒரு கை, பிறகு மற்றக் கை. எங்கள் நாட்டு வைத்தியப் பரியாரிமார் நாடி பார்ப்பது போலவே.

"ஆஸ்பத்திரியில் என்ன பெயர் சொன்னார்கள்?"

"ஸ்ட்ரோக்."

"எங்கள் மொழியில் இதற்கு இரண்டு எழுத்து. ஒன்று, அடிபட்டது. மற்றது, காற்று. காற்று அடித்தது."

நான் கதிரை நுனிக்கு வந்தேன். "எங்களுடையதும் காற்றுத்தான்" என்றேன். "பாரிசம் எண்டால் ஒரு பக்கம். வாதம் எண்டால் காற்று. ஒரு பக்கம் அடித்த காற்று."

"உங்களுடையதும் காற்றா?" என்றா லின். பஸ் தரிப்பில் திடீரென்று ஊர்க்காரரைக் கண்டவர்கள் போல நாங்கள் இருவரும் சிரித்தோம். ஸ்ட்ரோக் என்பதற்கு அடி என்றும் ஒரு கருத்து இருக்கிறது என்று தர்சினி பிறகு சொல்லியிருந்தாள். ஆங்கிலேயனுக்கு அடி, எங்களுக்குக் காற்று. எந்தக் காலத்தில் எந்தக் கடலுக்கு மேலாலே இந்தக் காற்றுப் போய் வந்ததோ.

வெளிக்காற்றா, பனியில் தலையை மூடாமல் போனாளே என்று கேட்டேன். பழைய காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள் என்றா. பிடரியால் புகுந்துவிட்டது என்று. பிறகு வந்த வைத்தியர்கள், இல்லை, இது உள்ளே பிறக்கிற காற்று என்றார்களாம். அவ தன் கையை மரம் போலப் பிடித்துக் காட்டினா. வேரில் தண்ணீர் வற்றிவிட்டால் மேலே மரம் காய்கிறது. காய்ந்த மரம் ஆடுகிறது. அந்த ஆட்டத்தில்தான் காற்றுப் பிறக்கிறது. பிறந்த காற்று சளியையும் தூக்கிக் கொண்டு போய் வழிகளை அடைக்கிறது. சிலருக்கு அது வீட்டுக்குள்ளேயே போய்விடும், நினைவு தவறிவிடும். சிலருக்கு வழியில் மட்டும்.

"உன் மனைவிக்கு வழியில்தான்" என்றா. "ஒழுங்கையில் மரம் விழுந்து கிடக்கிறது. வீட்டுக்காரி உள்ளே இருக்கிறாள்."

ஆஸ்பத்திரியில் வேறு சொற்களில் சொன்னதும் இதையேதான் என்று அப்போது நினைத்தேன். யோகம் இடது கையால் நாற்காலியின் கையைப் பிடித்தபடி லின் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள், ஆங்கிலம் தெரியாதவள்.

"சுகமாகுமோ?"

"தெரியாது. நான் ஊசியால் சின்னக் கதவு ஒன்றைத் திறப்பேன். யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது."

வீட்டில் பெரிய சண்டை.

"அப்பா, ஆர் யூ சீரியஸ்? அம்மாவின்ரை தலையிலை ஊசி குத்தப் போறாவாம்! காத்தாம், மரமாம். அது ப்ளட் க்ளொட் அப்பா. ஸ்கானிலை நானே பாத்தனான்."

"பிள்ளை, ஸ்கானைப் பிழையெண்டு நான் சொல்லேல்லை. கொம்மாதான் அந்தக் கடை வாசலிலை நிண்டவ."

"அம்மா எங்கையும்தான் நிப்பா. போன கிழமை கூட்டுற தும்புத்தடி விக்கிற கடையிலையும் நிண்டவ."

ஆனால் கோபித்துக் கொண்டே அவள்தான் எங்கள் டொக்டரிடம் கேட்டாள். ஊசி வைத்துப் பார்க்கலாம், இரத்தம் இளகுகிற குளிசை எடுப்பதை ஊசி வைக்கிறவரிடம் சொல்ல வேண்டும், ஆஸ்பத்திரி மருந்து ஒன்றையும் நிற்பாட்டக் கூடாது, தங்களைக் கேட்காமல் மூலிகை எதுவும் குடிக்கக் கூடாது என்று பதில் வந்தது. குளிசைகளை லின்னிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவ ஒரு பெட்டியைப் படித்துப் பார்த்துவிட்டு, எடுத்து வைத்திருந்த வேர்களைத் திரும்பவும் மேசை லாச்சிக்குள் போட்டா. "இதோடு இது சேராது. ஊசி மட்டும்."

5

மயிர் போல மெல்லிய ஊசிகள். தலையில் ஒரு வரிசை. உச்சியில் ஒன்று. அந்த இடத்தின் பெயர் நூறு வழி சந்திக்கிற இடமாம். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று. மணிக்கட்டில் ஒன்று வைத்தபோது, பேச்சு வாயில் அல்லவா என்று கேட்டேன். "இது நெஞ்சின் வழி" என்றா லின். "நாக்கு நெஞ்சிலிருந்துதான் முளைக்கிறது."

சில நாட்களில் சுருட்டுப் போல ஒரு மூலிகைத் திரியைக் கொளுத்தி, தோலில் படாமல் பிடிப்பா. அந்தப் புகையில் யோகம் அரைக் கண் மூடிக் கிடப்பாள். நான் பக்கத்துக் கதிரையில் இருந்து தேவாரத்தை மெல்லச் சொல்லுவேன். வெளியே அம்புலன்ஸ் போகும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கத்திக் கொண்டு போவார்கள். எல்லாம் தண்ணீருக்கு மேலே நடப்பது போல இருக்கும். நாங்கள் மூவரும் தண்ணீருக்கு அடியில். லின் சுவரில் சாய்ந்து நின்று நான் சொல்வதைக் கேட்பா. ஒரு சொல்லும் விளங்காது. நான் நிறுத்தினால், "இன்னும்" என்பா.

கிழமைகள் போயின. நாக்கு வலப்பக்கமே சாய்ந்து நின்றது. ஒரு சத்தமும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை. லின் ஈரப் பஞ்சை எடுத்துக் கொண்டு யோகத்தின் நெற்றிக்குக் குனிந்தா. இரண்டு புருவத்துக்கும் நடுவில் இன்று ஒன்று வைக்கலாம் என்றா. எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பஞ்சு பொட்டுக்குக் கிட்டே போனபோதுதான் விளங்கியது. சுமங்கலியின் பொட்டை அழிக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புருஷன் செத்த வீட்டில் செய்கிற வேலை அது. ஆனால் அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? சொல்லைத் தேடிக் கொண்டு நான் வாயைத் திறந்தபடி நின்றேன்.

யோகம் தேடவில்லை. ஊசிகள் குத்தின தலையோடு அப்படியே பின்னால் சரிந்து, இடது கையால் லின்னின் கையைத் தட்டிவிட்டு, கத்தினாள்.

"இஞ்ச!"

பழைய குரல் இல்லை. துருப்பிடித்த கதவு திறந்த குரல். ஆனால் யாரைக் கூப்பிடுகிறாள் என்பதில் சந்தேகம் இல்லை.

லின் பயந்து போனா. "நோவா? நோகிறதா?"

"நோ பெய்ன்" என்றேன். எனக்குக் கண் தெரியவில்லை. "ஷீ கோலிங் மீ. ஷீ கோலிங் மீ."

பிறகு உடைந்த ஆங்கிலத்தில் பொட்டின் கதையைச் சொன்னேன். இந்தச் சிவப்பு நான் உயிரோடு இருக்கிறதற்கு அடையாளம் என்றேன். லின் பஞ்சைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, யோகத்தின் இரண்டு பாதங்களையும் பிடித்துக் கொண்டு சற்று நேரம் இருந்தா. அதன் பிறகு சிரித்தா. "இவ்வளவு ஊசி வைத்தேன். வைக்காத ஊசிதான் வேலை செய்தது."

6

அதற்குப் பிறகு 'இஞ்ச' வீட்டில் எங்கும் இருந்தது. தேத்தண்ணிக்கு இஞ்ச. ரீவியில் சத்தம் கூடிவிட்டால் இஞ்ச. நான் மறதியாக அடுப்பை விட்டுவிட்டு வந்தால், நீளமான, கோபமான இஞ்ச. ஒரே சொல்தான், ஆனால் அதற்குள்ளே எத்தனை சொல். தர்சினி ரெலிபோனில் அதைக் கேட்டு அழுதாள். "அம்மா என்னையும் அப்பிடிக் கூப்பிடுறா அப்பா. எனக்கும் இஞ்சவாம்." பேச்சுப் பயிற்சிக்குத் திரும்பவும் கேட்டோம். அதே பிள்ளை வந்து, அந்த ஒரு சொல்லை நூலாகப் பிடித்து மற்றச் சொற்களை இழுத்துப் பார்த்தது. 'தண்ணி' வந்தது. 'போதும்' வந்தது. சில நாள் வந்த சொல் மறுநாள் வராது.

எது வேலை செய்தது என்று கேட்கிறார்கள். காலம் செய்கிறது என்கிறார் டொக்டர். பயிற்சி என்கிறது பிள்ளை. தனக்குத் தெரியாது என்கிறா லின். நான் படிப்பில்லாதவன், பிள்ளையார்தான் என்கிறேன். அவருக்கு ஐந்து கை. ஒவ்வொரு கையிலும் ஒவ்வொருவரைப் பிடித்திருக்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

சில பின்னேரங்களில் பூங்காவுக்குப் போவோம். காய்ந்த இலைகள் சுற்றிச் சுற்றி எழும்பி விழும். நான் அவள் கழுத்தைச் சால்வையால் மூடிவிடுவேன். அவள் அதை இறக்கிவிடுவாள். காற்று முகத்தில் பட விட்டுக் கொண்டு கண்ணை மூடி நிற்பாள். அதோடு ஏதோ கணக்குத் தீர்க்கிறவள் போல. மரங்கள் ஆடுவதைப் பார்த்துக் கொண்டு நானும் நிற்பேன். காற்றால் மரம் ஆடுகிறதா, மரம் ஆடுவதால் காற்று வருகிறதா என்று இப்போது எனக்கே தெரிவதில்லை.

7

இன்று காலை தர்சினி காரில் கொண்டு வந்து கோயில் வாசலில் இறக்கிவிட்டு, கார் நிறுத்த இடம் தேடிப் போனாள். நாங்கள் இருவரும் அர்ச்சனை ரிக்கற் துண்டு கொடுக்கிற மேசைக்குப் போனோம். இங்கேயே பிறந்த ஒரு பிள்ளை இருந்தது.

"ஆரின்ரை பேருக்கு அங்கிள்?"

இந்த வருடம் முழுவதும் சொன்னதையே சொன்னேன். "யோகேஸ்வரி. உத்தர நட்சத்திரம்."

என் கோட்டுக் கை இழுபட்டது. யோகம் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"என்னப்பா? உமக்குத்தானே?"

இல்லை. உதடு துடித்தது. கீழுதட்டைப் பல்லில் வைத்தாள், எடுத்தாள், திரும்பவும் வைத்தாள்.

"வி" என்றாள்.

பிள்ளை நிமிர்ந்து பார்த்தது.

"விநா… ய."

"ஓம் அன்ரி, விநாயகருக்குத்தான் அர்ச்சனை" என்றது பிள்ளை, அன்பாக, சத்தமாக. "பேர்? ஆரின்ரை பேருக்கு?"

யோகத்துக்குக் கோபம் வந்தது. பொல்லை மேசையில் சாத்தினாள். இடது கையை எடுத்து என் நெஞ்சில் வைத்தாள். கதவைத் தட்டுவது போல இரண்டு தட்டுத் தட்டினாள்.

"விநாயக" என்றாள். மூர்த்தி வரவில்லை. மூச்சு அவ்வளவுதான் இருந்தது.

அதன் பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே கேட்டது. கண் பெரிதாயிற்று. மூலஸ்தானத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். புதுப் பெண்சாதி போல நாக்கை நீட்டிக் கடித்தாள். நாக்கு இன்னும் வலப்பக்கம்தான் சாய்ந்திருந்தது.

நான் மிச்சத்தைச் சொன்னேன். "மூர்த்தி. கார்த்திகை நட்சத்திரம்."

தர்சினி கோட்டில் மழையோடு ஓடி வந்து, "என்ன அப்பா, ஏன் அழுறீங்கள்? அம்மாவுக்கு என்ன?" என்றாள். யோகம் விரலை வாயில் வைத்து என்னைப் பார்த்தாள், சொல்லாதேங்கோ என்று. நான் மகளுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

ஐயர் உள்ளே போய் என் பெயரைச் சொன்னார். பிள்ளையாருடைய பெயரையும் என் பெயரையும் ஒன்றன் பின் ஒன்றாகச் சொன்னார். வாசல் கதவு திறந்திருந்தது. வெளியே இருந்து குளிர்காற்று வந்து தீபத்தை ஒரு பக்கம் சாய்த்தது. தீபம் பிறகு நிமிர்ந்தது.

பெயரைச் சொன்னால் ஆயுள் குறையும் என்பார்கள். இத்தனை வருடமும் அவள் சொல்லாமல் சொல்லாமல் சேர்த்து வைத்த ஆயுளில்தான் நான் இருக்கிறேன் என்று நம்புகிறவன் நான். அதில் கொஞ்சம் இன்று செலவாகியிருக்கும். ஆகட்டும். எதற்காகச் சேர்த்து வைத்தாள்?

முன்னறையில் கதிரை அசைகிற சத்தம் கேட்கிறது. எழும்பிவிட்டாள். இனிப் பழையபடிதான்.

"இஞ்ச" என்கிறாள்.

"வாறன்" என்கிறேன்.